பெட்டி வண்டியின் பேர் தெரியாத ஒயர்

என் மகள் தவழத் தொடங்கியதிலிருந்து வீட்டுச் சுவர்களை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கும் பிளக்குத் துளைகள்மேல் அட்டை வைத்து ஒட்டினேன். அது போதாது என்று தோன்றி, அதற்கு முன்னால் டிரங்குப் பெட்டியை நகர்த்தி வைத்தேன். பெட்டி முனையில் முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பிறகு அதையும் எடுத்துவிட்டேன். என் கணவர் சிரிக்கிறார். "உங்க அத்தை மாதிரியே ஆயிட்டே" என்கிறார். அவர் என் அத்தையைப் பார்த்தவரில்லை, நான் சொல்லிக் கேட்டவர்தான். நான் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்க மாட்டார்.

சேலத்திலிருந்து தருமபுரியைத் தனி ஜில்லாவாகப் பிரித்த சமயம் அது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் எங்கள் ஊர். அப்பா பல வருஷம் அடுத்தவர் லாரிகளை ஓட்டியவர். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசையில், தருமபுரியில் மண்டி வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் இருந்து ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு வந்தார். யுத்தகாலத்து வண்டி. முன்னால் ஓட்டுகிறவருக்கும் அவர் பக்கத்தில் ஒருவருக்கும்தான் இடம். பின்னால் நாலு பக்கமும் மரப்பலகை அடித்த கூண்டு. இரண்டுக்கும் நடுவே கனமான பலகைத் தடுப்பு. ஊரில் அதற்குப் பெட்டி வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அம்மா அப்போது கர்ப்பமாக இருந்தாள். எனக்குப் பிறகு வந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று வீட்டிலேயே போனது. இன்னொன்று, மாட்டு வண்டியில் அம்மாவைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் போனது. இந்தத் தடவை வலி கண்ட உடனே தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், தாமதித்தால் தாய்க்கும் ஆபத்து என்று நர்சம்மா அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அம்மாவுக்கு வலி வந்தால் வண்டி கிளம்ப வேண்டும்.

வண்டி கிளம்பவில்லை.

வாங்கிய புதிதில் நன்றாகத்தான் ஓடியது. அப்பா கூண்டின் உள்பக்கம் முழுக்கப் புது ரெக்சின் அடித்தார். பழைய துணி கிழிந்து பலகையின் சிலாம்பு தெரிந்தது, அம்மா சாய்ந்தால் குத்தும் என்று. அதற்குப் பிறகுதான் தொல்லை. மாலையில் நன்றாக இருக்கும் பேட்டரி விடியும்போது செத்துக் கிடக்கும். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளினால் இருமிக்கொண்டு கிளம்பும், சில நாள் அதுவும் இல்லை. கடலைக்காய் பிடுங்கும் காலம் வந்துவிட்டால் தெருவில் தள்ளுவதற்கு ஆளே இருக்காது. அம்மாவின் நாள் அந்தச் சமயத்தில்தான் வருவதாக இருந்தது.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை அப்பா கூப்பிட்டு வந்தார்.

"பேட்டரியில ஒரு குத்தமும் இல்லியாம்டா. கடைக்காரன் வெச்சிருந்து பாத்துட்டுத்தான் குடுத்தான்" என்றார் அப்பா.

"அப்ப எங்கியோ மடை ஒடைஞ்சிருக்குது."

"வண்டியில ஏதுடா மடை?"

"கெணத்துல தண்ணி இருக்குது. வயலுக்குப் பாயல. ஆனா கெணறு வத்துது. என்ன பண்ணுவ? ஒவ்வொரு மடையா அடைச்சுப் பாப்ப இல்ல? அதேதான் இதும்."

"பாத்து அடைடா. மணியக்காரர் மோட்டாரைப் பிரிச்சியே, அது இன்னும் கோணியிலதான் கெடக்குதாம்."

"அது மோட்டார் இல்லண்ணா, வெறும் துரு. மோட்டார் மாதிரி பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தாங்க."

சித்தப்பா வண்டியில் எல்லா சுவிட்சுகளையும் அணைத்தார். பேட்டரியில் மாட்டியிருந்த தடித்த ஒயரைக் கழற்றி, கழற்றிய இடத்துக்கும் ஒயருக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை வைத்துக் கட்டினார். எதுவும் கரண்டை இழுக்கவில்லை என்றால் பல்பு எரியாது என்றார். பல்பு எரிந்தது. பிரகாசமாக அல்ல, நீறு பூத்த கங்கு போல. எல்லாம் அணைத்து நிற்கிற வண்டியில் ஏதோ ஒன்று மட்டும் அணையாமல் இருந்தது. அம்மா வாசற்படியில் நின்று அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே படுத்துக்கொண்டு சித்தப்பா ஒயர்களைப் பார்த்தார். நூல் பின்னிய உறை போட்ட பழைய ஒயர்கள். ஒரு காலத்தில் சிவப்பு, பச்சை என்று நிறம் இருந்திருக்கும். எண்ணெயும் புழுதியும் ஏறி எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டிருந்தது.

"எருமைக் கூட்டத்துல நம்ம எருமையைத் தேடற மாதிரி இருக்குதுண்ணா."

அம்மா உள்ளே போய் வெட்டுத்துணிப் பையை எடுத்து வந்தாள். எட்டாவது வரை படித்தவள், ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். சித்தப்பா ஒரு ஒயரைக் கழற்றியதும், அது எதற்கு என்று பார்த்துச் சொல்வார். அம்மா ஒரு நிறத்துணியைக் கிழித்துக் கொடுப்பாள், அதை அந்த ஒயரில் முடிச்சுப் போடுவார். முன்விளக்குக்குச் சிவப்பு, ஹாரனுக்குப் பச்சை, பின்விளக்குக்கு ஊதா. பல்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை எனக்கு. ஒவ்வொன்றாகக் கழன்றது. பல்பு அசையாமல் எரிந்தது. மறைவாக இருந்த ஒரு ஒயரை அவர் கழற்றியபோது பட்டென்று அணைந்தது.

"போச்சு! அணைஞ்சுபோச்சு!" என்று கத்தினேன்.

அந்த ஒயர் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அது இல்லாமலே விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது.

"எதுக்கும் போவாத ஒயரு. வெட்டி உட்டுரு" என்றார் அப்பா.

"எதுக்கும் போவாத ஒயரு கரண்டு குடிக்காதுண்ணா."

அம்மா ஒரு மஞ்சள் துணித்துண்டைக் கிழித்துக் கொடுத்தாள். "அதுல இதைக் கட்டிடுங்க. எங்க போவுதுன்னு பாத்துட்டு அப்பறம் வெட்டிக்கலாம்."

ஒயரின் ஒரு கிளை ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே இருந்த சின்னத் தகரப் பெட்டிக்குள் போனது. இன்னொரு கிளை தரைக்கடியில் ஓர் இரும்புக் குழாய்க்குள் நுழைந்து பின்கூண்டுப் பக்கம் போய் மறைந்தது. சித்தப்பா முன்னாலிருந்து அதைப் பிடித்து லேசாக ஆட்டினார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கூண்டுக்குள் ஏறி, ரெக்சின்மேல் உள்ளங்கையை வைத்துத் தேடினாள். ரெக்சினுக்குப் பின்னால் எலி ஓடுவது போல ஒரு சத்தம்.

"இங்க ஆடுதுங்க. இன்னொருக்கா ஆட்டச் சொல்லுங்க. ஆமா, இங்கதான் நிக்குது."

புது ரெக்சினைக் கிழிக்க அப்பாவுக்கு மனமில்லை. "கிழிக்க வேணாங்க" என்று அம்மா கத்தரிக்கோல் முனையால் குமிழ் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பி எடுத்து, மடியில் போட்டுக்கொண்டாள். ரெக்சின் ஓரம் விலகியது. உள்ளே பலகையில் ஒரு வட்டக் கட்டை. அதன் நடுவே வெள்ளையாக ஒரு பொத்தான். ரெக்சின் விலகியதும் அது தானாகவே முன்னால் வந்து நின்றது.

சித்தப்பா மஞ்சள் துணி கட்டிய ஒயரைத் திரும்ப மாட்டினார். பல்பு எரியவில்லை.

ஏதோ பழைய கட்டை என்று அதன் மேலேயே அப்பா இறுக்கி இழுத்து அடித்த ரெக்சின்தான் அந்தப் பொத்தானை இரவும் பகலும் அழுத்திக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் குத்தக்கூடாது என்று அவர் செய்தது. அப்பா ரெக்சினைத் தடவிப் பார்த்தார்.

சீட்டுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியைச் சித்தப்பா திறந்தார். உள்ளே குளவி மண்கூடு கட்டி நிரப்பியிருந்தது. குச்சியால் மண்ணை நோண்டி எடுத்தார். ஒரு சுருள், ஒரு சின்ன சுத்தி, ஒரு கிண்ணம். "அட, இது மணிண்ணா. கரண்டு வாங்கிட்டு இருந்திருக்குது, மண்ணு அடைச்சதால அடிக்க முடியல. பாப்பா, அந்தப் பொத்தானை அமுக்கு."

அழுத்தினேன். முன்பக்கத்தில் கிர்ர்ர் என்று ஒரு சத்தம் கிளம்பியது. மாடு கன்றெல்லாம் மிரண்டு திரும்பிப் பார்த்தன.

அடுத்த கணம் என் முழங்கையைப் பிடித்து யாரோ வெளியே இழுத்தார்கள். அத்தை. வாசலில் புளி காயவைத்துக்கொண்டிருந்தவள், புளி ஒட்டிய கையோடு ஓடி வந்திருந்தாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் பக்கம் முதல்முதலாகக் கரண்டு வந்து கிணறுகளில் மோட்டார் வைத்தபோது, மாமாவின் கிணற்றிலும் வைத்தார்கள். ஒரு மழை நாளில் ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டவர் அதிலேயே போய்விட்டார். அதன்பின் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கரண்டு இழுக்காத பின்னறையில்தான் படுப்பாள். விளக்கு சுவிட்சைக்கூடத் தொட்டதில்லை. போடுவதற்கும் அணைப்பதற்கும் என்னைக் கூப்பிடுவாள். நான் போடுகிறபோது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அது ஒரு விளையாட்டைப் போல இருந்தது.

"சின்னப் புள்ளய உட்டு அமுக்கச் சொல்றியே, உனக்கு அறிவு இருக்குதா?" என்று சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது பேட்டரி கரண்டு. எறும்புகூடச் சாவாது. இங்க பாரு." சித்தப்பா ஒயர் நுனியை நாக்கில் வைத்துக் காட்டிச் சிரித்தார்.

அத்தை கத்தவில்லை. "உங்க மாமனும் இப்படித்தான் சிரிச்சாரு. ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிக்கிட்டேதான் போனாரு" என்றாள். சித்தப்பா ஒயரைக் கீழே விட்டார்.

கூண்டுக்குள் அம்மா இன்னும் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னல் கம்பியில் பழைய திரை மாட்டிய பித்தளை வளையங்கள் சில மிச்சமிருந்தன. அம்மா அவற்றையும் பார்த்தாள்.

"பாய் வூட்டுப் பொம்பளைங்க இதுலதான் போய்ட்டு வந்திருக்காங்க. கோஷா போட்டு மறைஞ்சிருக்கறவங்க டிரைவரை எப்படிக் கத்திக் கூப்புடுவாங்க? அதுக்குத்தான் இது" என்றாள்.

"சரி, இப்ப நமக்கு எதுக்கு? வெட்டி உட்டுரலாம். இன்னொருக்கா எறங்கிப்போச்சுன்னா என்ன பண்றது?" அப்பா சொன்னது நியாயம்தான். அவர் பயந்தது அம்மாவுக்காகத்தான்.

அம்மா எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டாள். "இருக்கட்டுங்க. பின்னால நான் படுத்திருப்பேன். கூப்புட்டா உங்களுக்குக் கேக்காது."

"அந்தத் தடுப்புல ஒரு ஓட்டை போட்டுரலாம்" என்றார் அப்பா.

"கூண்டே அந்தப் பலகை மேலதான் நிக்குதுண்ணா" என்றார் சித்தப்பா.

"மாட்டு வண்டியில போறப்பவாவது உங்க முதுகு தெரிஞ்சுது" என்றாள் அம்மா.

அப்பா கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. பிரசவத்துக்குக் கூடப் போகக்கூடிய பெண் அத்தை ஒருத்திதான். இரண்டு முறையும் அம்மா பக்கத்தில் இருந்தவள் அவள். உயிருள்ள ஒயர் இருக்கிற அந்தப் பெட்டிக்குள் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. அப்பா கோபித்துப் பார்த்தார், சித்தப்பா விளக்கிப் பார்த்தார். அம்மா, அவிழ்த்த ரெக்சினில் பொத்தான் இருக்கும் இடத்தில் வட்டமாகத் துளை வெட்டி, ஓரத்தில் காஜா எடுப்பது போலத் தைத்து, மேலே மூடி போல ஒரு துணி மடிப்பும் வைத்துத் திரும்ப அடிக்கச் செய்தாள். இனி எதுவும் அதை அழுத்தாது. பிறகு அத்தையை உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது என் பக்கம் அண்ணி. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. நீங்க தொடவே வேணாம். நான்தான் அடிப்பேன்."

அத்தை தள்ளி நின்றே அந்த மடிப்பைப் பார்த்தாள். "உனக்காக ஏர்றேன் புள்ள. அதுக்காக மட்டும்தான்" என்றாள்.

பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதுகிற கணக்கையே அப்பா வைத்துக்கொண்டார். ஒருமுறை அடித்தால் நிறுத்து, இரண்டுமுறை அடித்தால் போ.

வலி கண்டது ஒரு முற்பகலில். பயந்தது போலவே தெருவில் ஆளில்லை, எல்லாரும் கடலைக்காய்க் காட்டில். சித்தப்பா ஏரியூர்ப் பக்கம் ஏதோ மோட்டார் வேலைக்குப் போயிருந்தார். அப்பா சாவியைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். வண்டி முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அம்மாவையும் அத்தையையும் கூண்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் யாருமில்லாததால் முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு போகிறேன், சீட்டுக்குக் கீழே ஒரு மணி இருக்கிறது, அது எப்போது அடிக்கும் என்று காத்திருக்கிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒருமுறை அடித்தது. அப்பா ஓரமாக நிறுத்திவிட்டு ஓடினார். அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டுமாம். திரும்பி வந்து ஏறியதும் இரண்டுமுறை அடித்தது. நான் கைதட்டினேன். அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பொம்மிடி ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பா இறங்கிப்போய்க் கேட்காரரிடம் கெஞ்சினார்.

"பிரசவக் கேசுங்க. ஒரு நிமிசம் தூக்கி உட்டீங்கன்னா..."

"உட்டுருவேங்க. ரயிலுக்கு ஒதுங்கிப் போவத் தெரியாதுங்களே" என்றார் அவர். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டு, "தோ, வந்துருச்சுங்க. நல்லபடியா ஆவும், பயப்படாதீங்க" என்றார். சரக்கு ரயில் வந்தது. அது முடியவே முடியாது போலப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி போனதும் கூண்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. என்ஜின் நின்றிருந்ததால் கேட்டது. அதன்பின் வண்டி கிளம்பியதும் அதுவும் கேட்கவில்லை.

கேட்டைத் தாண்டிய சாலை ஜல்லி பெயர்ந்து கிடந்தது. கூண்டுப் பலகைகள் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. அப்போது மணி அடித்தது. ஒருமுறை என்று நினைத்தேன். நிற்கவில்லை. இரண்டாவதும் இல்லை. ஒரே நீளமாக, மூச்சு விடாமல், கிர்ர்ர் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

"சனியன், மறுபடியும் ஒட்டிக்கிச்சு போல" என்றார் அப்பா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆட்டத்தில் பொத்தான் சிக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் காதுக்குள் துளைத்தது. அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையை டேஷ்போர்டுக்குக் கீழே விட்டார். மஞ்சள் துணித்துண்டு அவர் விரலில் சுற்றியதைப் பார்த்தேன். ஒரு இழுப்பு இழுத்தால் போதும், சத்தம் நின்றுவிடும். பேட்டரியும் பிழைக்கும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். நான் காதைப் பொத்திக்கொண்டு அதற்காகத்தான் காத்திருந்தேன்.

அப்பா இழுக்கவில்லை. பிரேக்கை மிதித்தார். நான் போய் டேஷ்போர்டில் முட்டிக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து, ஏன் இழுக்கவில்லை என்று அவரிடம் கேட்டேன். "அது உங்கம்மா கட்டின துணி" என்றார். அவர் இழுத்திருந்தால் என்று நான் நினைக்கத் தொடங்குவேன், பிறகு எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

வண்டி நின்ற பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தபோதுதான் நின்றது. நானும் பின்னால் ஓடினேன். "வராத! நீ வராத! ஆளுங்களைக் கூப்புடு, பொம்பளைங்களை!" என்று அத்தையின் குரல் மட்டும் கேட்டது. பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள், அப்பா கூப்பிடும் முன்பே ஓடி வந்தார்கள். வண்டி அப்படி நின்ற விதத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தி முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே ஏறினாள். இன்னொருத்தி வீட்டுக்கு வெந்நீருக்கு ஓடினாள். கதவு சாத்தப்பட்டது.

அப்பா சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மாட்டு வண்டி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மெதுவாக ஒதுங்கிப் போனது. வண்டிக்காரர் என்ன ஏது என்று கேட்கவில்லை, தலைத்துண்டை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பெட்டி வண்டிக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அப்பா ஒரு கூழாங்கல்லை எடுத்து, துடைத்து, கீழே வைத்து, மறுபடியும் எடுத்தார்.

பிறகு ஓர் அழுகை கேட்டது. பூனைக்குட்டி போல, நம்புவதற்கில்லாத அளவுக்குச் சின்ன அழுகை. அப்பா எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

களை வெட்டும் பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "பொண்ணுங்க. தலை தெரிஞ்ச நேரத்துல வண்டி இப்படி ஆடிக்கிட்டே போயிருந்தா ரெண்டும் தங்கியிருக்காதுங்க. ரத்தம் நிக்க மாட்டேங்குது, சுருக்கா போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அப்பா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சீட்டுக்குக் கீழே மணி இரண்டுமுறை அடித்தது. முதல் அடிக்கும் இரண்டாவதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது, அடிப்பவர் யோசித்து அடிப்பது போல. "அம்மா போகச் சொல்றாங்கப்பா" என்றேன். அப்பா தலையாட்டினார். தருமபுரி வரும்வரை மணி மறுபடி அடிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் கண்கள் மூடியிருந்தன. ரயில்வே கேட்டைத் தாண்டியதுமே நினைவு தப்பிவிட்டதாக அத்தை அங்கிருந்த நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. விழுந்ததே தவிர, அதை எதனோடும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அம்மா வெகுநாள் அங்கே படுத்திருந்து, மெலிந்து, ஆனால் பிழைத்து வீடு வந்தாள். தங்கைக்கு இப்போது பாவாடை தாவணி.

அன்று சாயங்காலம், தாய்க்கும் பிள்ளைக்கும் இனிப் பயமில்லை என்று உள்ளிருந்து சொல்லியனுப்பிய பிறகு, அத்தையைக் காணோம் என்று அப்பா என்னைத் தேட அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் கழுவியாகிவிட்டது. தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. வலது கை ஆட்காட்டி விரலைத் தனியாக நீட்டி வைத்துக்கொண்டு, யாருடைய விரலோ போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தி அழுத்தி நுனியில் பொத்தானின் வட்டம் கன்றிப்போயிருந்தது.

"நீயா அத்தை அடிச்சே?" என்று கேட்டேன்.

தலையாட்டினாள்.

"கரண்டு அடிச்சுதா?"

"இல்ல கண்ணு" என்றாள். "ஒண்ணுமே பண்ணல. ஒண்ணுமே."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். அத்தை அழுது நான் பார்த்ததில்லை. மாமா இறந்தபோது நான் மிகவும் சின்னவள். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, சத்தமும் இல்லை. அந்த விரலை மட்டும் கீழே இறக்காமல் அப்படியே நீட்டிப் பிடித்தபடி, உடம்பு முழுக்கக் குலுங்க அழுதாள்.

ஒன்றும் பண்ணவில்லை என்றால் எதற்கு அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வலிக்கிறது, என்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்தேன். பெரியவர்கள் அப்படித்தான் மறைப்பார்கள். குழாயை மூடினேன். அவள் விரலை என் இரண்டு கைக்குள் வாங்கி, சூடு பட்ட இடத்துக்கு ஊதுவது போல, ஆறும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.